சுட்டிப் பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போது



சென்ற மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் பத்தாயிரம் ரூபாய் உள்கடன் கேட்டார். எதற்கு என்று கேட்டோம். "பாப்பாவை டவுன்ல தனியார் பள்ளிக்கூடத்துல சேர்க்கணும். இங்க போகமாட்டேன்னு தினமும் வயித்து வலின்னு அழுவுறா" என்றார்.

அந்தப் பாப்பாவை அங்கன்வாடியில் இருந்தே நமக்குத் தெரியும். நாலு வயதிலேயே பஸ் போர்டு படிப்பாள். சேமிப்புப் பணம் எண்ணும்போது பக்கத்தில் உட்கார்ந்து நாம் விட்ட தப்பைச் சொல்வாள். அவளுக்கா பள்ளிக்கூடம் கசக்கிறது?

கசக்கத்தான் செய்யும். தெரிந்த அனா ஆவன்னாவையே நாள் கணக்கில் எழுதச் சொன்னால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? பக்கத்துப் பிள்ளையிடம் பேசும், எழுந்து நடக்கும். டீச்சர் "அடங்க மாட்டேங்குது" என்பார். நாங்களும் முதலில் "அடம் பிடிக்கிறா, போகப் போக சரியாயிடும்" என்றுதான் சொன்னோம். அது எங்கள் தவறு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இப்படிப்பட்ட பிள்ளைக்குப் புத்தி எட்டு வயதுக்கு ஓடும், கைவிரல் ஐந்து வயதுதான். நினைத்த வேகத்தில் எழுத வராது, நோட்டைக் கிழிக்கும். சின்ன விஷயத்துக்கும் தேம்பி அழும். "இவ்வளவு பேசுறே, இதுக்கு அழுவுறியா" என்று கேட்காதீர்கள். அது சின்னப் பிள்ளைதான். எல்லாச் சுட்டியும் வாயாடியாக இருக்காது, வாயே திறக்காத சுட்டியும் உண்டு.

வயிற்று வலி என்றால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அங்கே ஒன்றுமில்லை என்று சொல்லி, லீவு நாளில் வலியும் இல்லை என்றால் டீச்சரைப் பாருங்கள். "எம் புள்ளைக்கு எல்லாம் தெரியும்" என்று ஆரம்பித்தால் பேச்சு முறிந்துவிடும். வீட்டில் பிள்ளை என்ன படிக்கிறது, எதைக் கேட்கிறது என்று சொல்லுங்கள். 2022-23இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வைத்துத்தான் சொல்லித் தருகிறார்கள். அதனால் பிள்ளையின் நிலைக்கு ஏற்ற கதைப் புத்தகம், கணக்கு கேட்பதில் தப்பில்லை. புத்தகங்கள் பீரோவில் பூட்டிக் கிடந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நம் உறுப்பினர்கள் பலர் அதில் இருந்தும் வாய் திறப்பதில்லை என்பது எங்கள் வருத்தம்.

நேராக இரண்டாம் வகுப்பில் போடச் சொல்லி நிற்பவர்களும் உண்டு. எங்களுக்கு அதில் சம்மதம் இல்லை. தன் வயதுப் பிள்ளைகளோடு விளையாட்டும் வேண்டுமே.

வீட்டில் அடுத்த வருடப் பாடத்தைத் திணிக்காதீர்கள். வாசலில் கோலம் போடும்போது கூப்பிடுங்கள். ஏழு புள்ளி, நாலில் நிறுத்து, இடுக்குப் புள்ளி. மொத்தம் எத்தனை புள்ளி? நடுவில் 7, இரண்டு பக்கமும் 6, 5, 4. கூட்டினால் 37. நேர்ப் புள்ளியில் ஏழில் தொடங்கி ஒன்றில் முடித்தால் 25. ஏன் குறைகிறது என்று பிள்ளையே யோசிக்கட்டும். நமக்கு விடை தெரியாத கேள்வி கேட்டால் "தெரியலம்மா, சேர்ந்து பார்க்கலாம்" என்று சொல்லலாம், அதில் கௌரவம் போய்விடாது. விருந்தாளி முன்னால் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வதையும், "தங்கச்சியைப் பாரு" என்று அண்ணனைக் குத்துவதையும் விட்டுவிடுங்கள்.

அந்தத் தாயும் நாங்களும் டீச்சரைப் பார்த்துவிட்டு வந்தோம். இப்போது கதை நேரத்தில் பாப்பாதான் மற்றப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறாள். அழுகை வாரத்தில் ஒரு நாளாகக் குறைந்திருக்கிறது. கடன் மனுவை அடுத்த கூட்டம் வரை தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறார், வாபஸ் வாங்கவில்லை.