வேளாங்கண்ணி நடைப்பயணம்: தோள்பையில் என்ன இருக்கணும்?

2023-ம் வருஷம் திருச்சியிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டேன். ஆகஸ்ட் 29-ந் தேதி கொடியேற்றத்துக்குப் போய்ச் சேரவேண்டும். ஏறக்குறைய 150 கிலோ மீட்டர், ஆறு நாள் நடை. எங்கள் தெருவிலிருந்து கிளம்பிய குழுவில் பெண்கள் மட்டும் ஒன்பது பேர். காவிப் புடவை ஐந்து, போர்வை, தலையணை, பெரிய சோப்பு, பவுடர் டப்பா, முறுக்கு டின் என்று நான் கட்டிய மூட்டையைப் பார்த்த என் மாமியார், "இதை மாதாவா வந்து தூக்கப் போறாங்க?" என்று கேட்டார். "எல்லாம் வேன்ல போயிடும் அத்தை" என்றேன். தப்பு நடந்ததே அங்கேதான்.

வேன் நம்மோடு வராது தோழிகளே. சமையல் பாத்திரத்தோடு முன்னாடியே அடுத்த தங்கல் ஊருக்குப் போய்விடும். விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினால், வெயில் ஏறி அங்கே போய்ச் சேரும்வரை நம் தோளில் இருப்பதுதான் நமக்கு. என் தோள்பையில் இருந்தது ஜெபமாலை, ஜெபப் புத்தகம், பணப்பை மூன்றும்தான். எனக்கு நாள் இன்னும் பத்து நாள் இருக்கிறதே என்று நாப்கினே எடுத்து வைக்கவில்லை.

அலைச்சலோ, தூக்கம் கெட்டதோ, மூன்றாம் நாள் அம்மாபேட்டை தாண்டி நீடாமங்கலம் போகும் வழியில் வந்துவிட்டது. காலை ஐந்து மணி. ஒரு கடை திறக்கவில்லை. முன்னாலும் பின்னாலும் ஆண்கள். குழுவில் இருந்த ஒரு பெரியம்மா தன் துண்டைக் கிழித்துக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு நடந்ததில் இரண்டு தொடையும் உரசிப் புண்ணாகி, மிச்ச மூன்று நாளும் காலை அகட்டி அகட்டித்தான் நடந்தேன்.

என் நாத்தனார் பாடு இன்னும் மோசம். வழியில் ஒதுங்க இடம் கிடைக்காது என்று பயந்து தண்ணீரே குடிக்கமாட்டார். கேட்டால், "எனக்குத் தாகமே இல்லை அண்ணி" என்பார். நாலாம் நாள் நீர்க்கடுப்பு, குளிர் ஜுரம். திருவாரூரில் டாக்டரிடம் காட்டினோம். தண்ணீர் குடிக்காததாலும், வந்ததை அடக்கியதாலும் வந்த தொற்று, இனிமேல் நடக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். கோயிலுக்கு இன்னும் நாற்பது கிலோ மீட்டர்கூட இல்லை. அழுதுகொண்டே திருச்சிக்கு பஸ் ஏறினார்.

அடுத்த வருஷம் 2024-ல் நான் மறுபடி நடந்தேன். இந்தத் தடவை தண்ணீர் பாட்டிலைத் தவிர, தோள்பை ஒரு கிலோதான் இருக்கும். நாள் தள்ளி இருந்தாலும் நாப்கின் ஆறு. அதற்குமேல் சுமக்க வேண்டியதில்லை, வழியில் ஊருக்கு ஊர் மெடிக்கல் ஷாப் இருக்கிறது, பகலில் வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் பழந்துணி வைக்கிற பழக்கம் இருந்தாலும் வழிக்கு அது வேண்டாம். துவைத்து வெயிலில் காயப்போட நேரமும் கிடையாது, மறைவும் கிடையாது. நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கினை மாற்றிவிடணும். கொஞ்சமாகத்தானே போகிறது என்று நடந்துகொண்டே இருந்தால் ஈரமும் உரசலும் சேர்ந்து புண்ணாக்கிவிடும்.

என் தங்கை மகள் கப் உபயோகிக்கிறாள். எடை என்று ஒன்றுமே இல்லை, பன்னிரண்டு மணி நேரம்வரை தாங்கும். ஆனால் அதை வீட்டில் இரண்டு மூன்று மாதம் வைத்துப் பழகியவர்கள்தான் கொண்டுபோகணும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வசதி வேண்டும், கொதிக்க வைக்கவும் வேண்டும். எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

காட்டன் உள்ளாடை மூன்று போதும். இங்கே ஒன்று சொல்லணும். வெட்கப்பட்டு நாம் உள்ளாடையைப் புடவைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுகிறோம். அது காய்வதே இல்லை. ஈரத்தோடு போட்டு நடந்தால் அரிப்பு நிச்சயம். மெல்லிய துப்பட்டாவை மேலே போட்டு ஊக்குக் குத்தி, வெயிலிலேயே காயவிடுங்கள். பாவாடைக்குள் முட்டிவரை வருகிற காட்டன் டிரவுசர் போட்டு, கிளம்பும்போது தொடையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் உரசல் இல்லை. காவிப் புடவைக்குள் அடர்ந்த மெரூன் பாவாடை கட்டினால் கறை பயம் பாதி போய்விடும். பம்ப்செட்டில் குளிக்கும்போது மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொள்ளவும் அதுவே ஆகும்.

தண்ணீருக்கு இரண்டு பாட்டில். அரை லிட்டர் பாட்டிலில் சிவப்பு நூல் கட்டியிருந்தேன், அது கழுவ மட்டும். சோப்பைத் தீப்பெட்டி அளவு நறுக்கிக்கொண்டேன். பெட்ரோல் பங்கில் கழிப்பறை வைத்திருக்கவேண்டும் என்பது விதி. ஒரு இடத்தில் பூட்டியிருந்தார்கள். நாங்கள் நாலு பேர் சேர்ந்து போய்ச் சாவி கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். தனியாகப் போய்க் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். பங்கைக் கண்டால், வருகிறதோ இல்லையோ, போய்விட்டு வந்து உடனே தண்ணீர் குடிப்பது என்று எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டோம்.

பழைய நியூஸ்பேப்பரும் நாலு பிளாஸ்டிக் கவரும் அவசியம். ஆகஸ்டில் டெல்டா வாய்க்காலில் தண்ணீர் ஓடும். நம் கூட்டத்தில் சிலர் நாப்கினை அதிலேயே வீசுகிறார்கள். கொஞ்ச தூரம் தள்ளி அதே தண்ணீரில் ஒரு பிள்ளை குளிக்கிறது. சுற்றி, கவரில் முடிந்து, குப்பைத் தொட்டி வரும்வரை வைத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

நாள் தள்ளிப்போடும் மாத்திரை பற்றியும் சொல்லிவிடுகிறேன். மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்ட ஒரு பெண் வழியெல்லாம் தலைவலி, வாந்தி என்று அவதிப்பட்டாள். ரத்தம் உறைகிற கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. எங்கள் கோயிலில் அந்த நாளில் வரக்கூடாது என்று தடை இல்லை. மாலை போட்டுப் பழனிக்கு நடக்கிற தோழிகளுக்கு வழக்கம் வேறாக இருக்கலாம். அவர்களும் மாத்திரைக்கு முன்னால் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்த முறை நாத்தனாரும் வருகிறேன் என்கிறார். இப்போதே ஒரு பாட்டிலில் சிவப்பு நூல் கட்டி வைத்துவிட்டார். தலையணை மட்டும் வேண்டுமாம். அது வேனில் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

- ஒரு வாசகி, திருச்சி