"ஹீல் பண்றேன், இரும்மா!" பிஜிஎம்ஐ கேமில் உயிர் ஏறுவது எப்படி?

ஆரணியில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாலும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வந்த அப்பா கூப்பிட்டாலும் பிள்ளைகளிடம் ஒரே பதில்: "ஹீல் பண்றேன், இருங்க!" அப்படின்னா என்ன?

ஹெல்த் என்றால்?
கேமில் மிச்சமிருக்கும் உயிர். 1993-ல் வந்த டூம் கேமில் மருந்துப் பெட்டி மேல் நடந்தாலே உயிர் ஏறும். 2005-ல் வந்த கால் ஆஃப் டியூட்டி 2-ல் மறைந்து நின்றால் தானாகவே தேறிவிடும். பிஜிஎம்ஐ-யில் மருந்து போட நேரமாகும். ஃபர்ஸ்ட் எய்டுக்கு 6 விநாடி, மெட்கிட்டுக்கு 8 விநாடி. ஃபர்ஸ்ட் எய்ட் 75 சதவீதம் வரைதான் ஏற்றும். நடுவில் சுட்டால் ஹீல் கட்!

விரலுக்கு என்ன வேலை?
இடது கட்டைவிரல் நடக்க. வலது கட்டைவிரல் குறிபார்க்க, சுட, மருந்து போட. அதனால்தான் பலர் ஆள்காட்டி விரல்களையும் சேர்த்து நாலு விரலில் ஆடுகிறார்கள். போனைச் சாய்த்துக் குறிபார்க்கும் கைரோஸ்கோப்பும் உண்டு.

பெற்றோர் என்ன செய்யலாம்?
ஆன்லைன் மேட்ச்சை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. அரை மணி நேரம் வரை போகும். "பத்து நிமிஷம்தான்" என்றால் சண்டைதான் வரும். "இன்னைக்கு ரெண்டு மேட்ச்" என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

2023 மே மாதம் பிஜிஎம்ஐ திரும்பி வந்தபோது, 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேர வரம்பு வைக்கப்பட்டது. பிள்ளையின் வயது கேமில் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பெரியவர் வயதைக் கொடுத்திருந்தால் அந்த வரம்பு வேலை செய்யாது.