கால் தயார், ரத்தம் தயாரா?

எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடக்கப் போகிறவர்கள் ஆறு மாதம் முன்பே மாடிப்படி ஏறத் தொடங்கிவிடுகிறார்கள். புது ஷூ வாங்கிப் பழக்குகிறார்கள். நல்லதுதான், போகவர இரண்டு வாரம் பிடிக்கும் பாதையில் தொடையும் முழங்காலும் தாங்க வேண்டும். ஆனால் மலைநோய் தொடையைப் பார்த்து வருவதில்லை. மாரத்தான் ஓடுகிற பையன் வழியிலுள்ள நாம்சே பஜாரில் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்க, அவனுக்குப் பெரியப்பா வயதில் ஒருவர் சாவகாசமாக தால் பாத் சாப்பிடுவதை அங்கே பார்க்கலாம்.

மலைமேலும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். 5,364 மீட்டரில் இருக்கும் முகாமில் அது கடல்மட்ட அழுத்தத்தில் ஏறக்குறைய பாதி. ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதிதான். வழிக்கடைகளில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டுகள் வெடித்துவிடுவதுபோல உப்பியிருக்கும். உள்ளே அடைபட்டிருப்பது கீழ்நாட்டுக் காற்று.

உடல் முதலில் செய்வது வேகமாக மூச்சு வாங்குவது. அதிலேயே ஒரு சிக்கல். கார்பன் டை ஆக்சைடு கூடுதலாக வெளியேறி, ரத்தத்தில் காரத்தன்மை ஏறும். உடனே மூளை மூச்சுக்குக் கடிவாளம் போட்டுவிடும். தூக்கத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். சில விநாடி மூச்சே நின்று, பிறகு திடுமென்று இழுக்கும். பக்கத்துக் கட்டிலில் விழித்திருப்பவர்தான் பாவம், பயந்துபோவார்.

கடிவாளத்தைத் தளர்த்துவது சிறுநீரகம். பைகார்பனேட்டைச் சிறுநீரில் கழித்து ரத்தத்தைச் சமன் செய்கிறது. அதற்கு நாள்கணக்காகும், ஊரில் எத்தனை படி ஏறியிருந்தாலும் அந்த நாட்கள் குறையாது. ஊட்டியில் நான்கு நாள் தங்கிப் போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர். நடைபயணம் தொடங்கும் லுக்லா 2,860. டயமாக்ஸ் மாத்திரை சிறுநீரகத்தின் இந்த வேலையை விரைவுபடுத்தும். தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், இரண்டு வேளை. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. விரல்நுனி மரமரக்கும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். இரண்டுக்கும் பதற வேண்டாம்.

உடல்வலு காப்பாற்றாது என்பதற்கு நம் ராணுவமே சாட்சி. சமவெளியிலிருந்து இமயத்தின் உயரங்களுக்கு விரைவாக ஏற்றப்பட்ட 1,925 வீரர்களுக்கு வந்த மலைநோயைப் பற்றி, ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் சகாக்களும் 1969-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். அத்தனை பேரும் உடற்தகுதி பார்த்துப் படையில் சேர்க்கப்பட்டவர்கள்.

அதனால் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இது: 3,000 மீட்டர் தாண்டியபின் இன்று படுக்கும் இடம் நேற்று படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு. 3,440 மீட்டர் நாம்சேயிலும் 4,410 மீட்டர் டிங்போச்சேயிலும் கூடுதலாக ஓர் இரவு தங்குவது இதற்காகத்தான். செலவை மிச்சம் பிடிக்க இதை வெட்டும் பயணத் திட்டத்தை வாங்காதீர்கள்.

சாமான் விஷயத்துக்கு வருவோம். லுக்லா போகும் சின்ன விமானத்தில் பொதுவாக ஆளுக்கு 15 கிலோதான். பருத்தி பனியனை வீட்டிலேயே விட்டுவிடலாம். வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, நின்றதும் உடம்பை நடுக்கும். மெரினோ கம்பளியிலோ சிந்தெடிக்கிலோ உள்ளாடை, மேலே ஃபிளீஸ், அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். மாலைக் குளிருக்கு ஒரு டவுன் ஜாக்கெட். குழாய் வைத்த தண்ணீர்ப் பை உயரம் கூடக்கூட உதவாது, குழாய் உறைந்துவிடும். அகலவாய் பாட்டிலைக் கவிழ்த்து வையுங்கள். பனிக்கட்டி மேல்பக்கம்தான் முதலில் பிடிக்கும். நிமிர்த்தினால் மூடிப்பக்கம் தண்ணீராகவே இருக்கும். குளிரில் பேட்டரி சீக்கிரம் சுருண்டுவிடும் என்பதால் போனும் பவர்பேங்கும் ராத்திரி உங்களோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள். 1,000 மீட்டருக்கு 10 சதவீதம் என்ற அளவில் புற ஊதாக் கதிர் ஏறுகிறது. புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். சன்ஸ்கிரீனை மூக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழேயும் பூச வேண்டும். வெயில் அங்கே கீழிருந்தும் வருகிறது.

இவ்வளவையும் சரியாக அடுக்கியவர்கள் கோட்டைவிடுவது திரும்பும் டிக்கெட்டில். மேகம் இறங்கினால் லுக்லாவில் விமானம் இல்லை. காத்மாண்டுவிலிருந்து ஊருக்குப் போகும் டிக்கெட்டை நெருக்கிப் போட்டவர், தலைவலியை வழிகாட்டியிடம் மறைத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு ஏறுவார். என்னைக் கேட்டால், பையில் இருப்பதிலேயே ஆபத்தான பொருள் அதுதான். கையில் குறைந்தது இரண்டு நாளாவது உபரியாக இருக்கட்டும்.

தலைவலியோடு குமட்டலும் அசதியும் சேர்ந்தால் அன்றைக்கு ஏறக்கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், அது நுரையீரலில் நீர் கோப்பதாக இருக்கலாம். பேச்சு குழறினால் குதிகாலும் விரல்நுனியும் ஒட்டும்படி நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் மூளையில் வீக்கம் என்றே கொள்ள வேண்டும். இரண்டிலும் விடியும்வரை காத்திருக்காமல் கீழே இறக்குங்கள். 300 மீட்டர் இறங்கியதுமே சிலர் தெளிவார்கள், சிலருக்கு 1,000 மீட்டர் தேவைப்படும். துணையில்லாமல் மட்டும் அனுப்பாதீர்கள்.