கிதாரும் பறையும்: எங்கள் காலனியில் ஓர் ஆண்டு

காட்டுமன்னார்கோவில் பக்கம், வீராணம் ஏரித் தண்ணீரை நம்பி நெல் விளையும் ஊர் எங்களுடையது. வாய்க்காலைத் தாண்டினால் காலனி. கடந்த ஆண்டு ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, இரவுப் பாடசாலைத் திண்ணையில் கிதார் வகுப்பைத் தொடங்கினேன். பிள்ளைகள் பதினொரு பேர், கிதார் இரண்டு. சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த எனக்கு அன்று தெரிந்திருந்தது மொத்தம் நான்கு பாடம்.

நான் இசைக் குடும்பத்துப் பிள்ளை இல்லை என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். என் தாத்தா பறை அடித்தவர். அப்பா அடிக்க மறுத்தவர். சிதம்பரத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதும் நான், சனிக்கிழமைதோறும் புதுச்சேரிக்குப் பேருந்து ஏறி ஒரு முதியவரிடம் கிளாசிக்கல் கிதார் கற்றேன். சனிக்கிழமை நான் கற்றதுதான் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் பாடம். ஒரு பாடம் பின்தங்கினால் பிள்ளைகள் என்னைப் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் ஒழுங்காகப் பயிற்சி செய்தேன்.

சினிமாப் பாட்டுக் கச்சேரியில் பார்க்கும் கிதார் வேறு, இது வேறு. அதில் பெரும்பாலும் இரும்புக் கம்பி இருக்கும், சின்ன வில்லையால் மீட்டுவார்கள். இதில் நைலான் நரம்பு. வலது கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரல் நான்கும் தனித்தனியாக வேலை செய்யும். பெருவிரல் தடித்த நரம்புகளைப் பார்த்துக்கொள்ள, மற்ற மூன்றும் மெல்லிய நரம்புகளில் ராகத்தை எடுக்கும். இடது காலைச் சற்று உயர்த்தி, தொடையில் கிதாரை வைத்து உட்கார வேண்டும். காலை வைப்பதற்கென்று மடக்குப் பலகை விற்கிறார்கள். நாங்கள் இரண்டு செங்கல்லை அடுக்கி வைத்துக்கொண்டோம்.

“இதெல்லாம் நமக்கு எதுக்குண்ணா?” என்று முதல் வாரமே ஒரு பையன் கேட்டான். பண்ணைப்புரம் கிராமத்திலிருந்து சென்னைக்குப் போய், தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, லண்டன் ட்ரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிதார் தேர்விலும் தேறியவர் இளையராஜா என்று சொன்னேன். அண்ணல் அம்பேத்கர் பிற்காலத்தில் ஆசைப்பட்டு வயலின் கற்றதையும் சொன்னேன். அவ்வளவு எழுதிய, அவ்வளவு போராடிய மனிதருக்கு வயலின் எதற்கு? பிடித்திருந்தது, கற்றார். பையன் மறுபேச்சு பேசாமல் செங்கல்லில் காலை வைத்தான்.

நகம் நிற்காத கை

கிளாசிக்கல் கிதார் வாசிப்பவர்கள் வலது கை நகங்களைச் சற்று வளர்த்து, பட்டுப்போல் தேய்த்து வைத்திருப்பார்கள். சத்தம் தெளிவாக வரும். புரட்டாசியில் சம்பா நடவு தொடங்கியதும் அந்தப் பாடம் எங்களிடம் தோற்றது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி கையை விரித்துக் காட்டினாள். விடுமுறை நாளில் அம்மாவோடு நடவுக்குப் போகிற பெண். சேறு அரித்து நகமெல்லாம் பிய்ந்திருந்தது. “நடவு நட்டா நகம் நிக்காதுண்ணா. நான் நின்னுக்கட்டுமா?” என்றாள்.

அந்தச் சனிக்கிழமை என் ஆசிரியரிடம் இதைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, ஸ்பெயினின் ஃபெர்னாண்டோ சோர் நகமில்லாமல் விரல் சதையால் வாசித்தவர் என்றார். நவீன கிதார் வாசிப்புக்கு அடித்தளம் போட்ட தாரெகாவும் கடைசிக் காலத்தில் நகத்தை வெட்டிவிட்டு வாசித்தார் என்றார். மறுநாள் அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. வாசிக்க வைத்தேன். சத்தம் சற்றுக் குறைவுதான், ஆனால் இதமாக இருந்தது. இன்று எங்கள் வகுப்பில் நன்றாக வாசிப்பவள் அவள்தான்.

குடலும் தோலும்

ஐப்பசி மழையில் வகுப்பு நடக்காது. வாய்க்கால் நிரம்பி பாடசாலை வாசல்வரை தண்ணீர் வந்துவிடும். அந்த நாட்களில் கிதாரின் கதையைப் பேசினோம். நைலான் நரம்பு வந்தது 1940-களில்தான். நியூயார்க்கில் கிதார் செய்துகொண்டிருந்த ஆல்பர்ட் அகஸ்டின், புகழ்பெற்ற கலைஞர் ஆந்த்ரே செகோவியாவின் ஊக்கத்தோடு அதை உருவாக்கினார். அதற்கு முன் மெல்லிய நரம்புகளெல்லாம் ஆட்டுக் குடலை முறுக்கிச் செய்தவை. ஸ்பெயினில் கிதாரைச் சாராயக்கடை வாத்தியமாக நினைத்தவர்களும் இருந்தார்கள். அதைப் பெரிய அரங்குகளின் மேடைக்குக் கொண்டுபோவதையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர் செகோவியா.

இதைக் கேட்ட ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், “குடல்ல செஞ்சத வெள்ளக்காரங்க மேடையில வாசிச்சாங்க. தோல்ல செஞ்ச பறைய மட்டும் ஏன் தீட்டுன்னாங்க?” என்று கேட்டான்.

நாங்கள் எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதி வைக்காத கேள்வி அது. வெள்ளைக்காரர் நாட்டைவிட நம் ஊரிலிருந்தே அதற்குப் பதில் சொல்வது எளிதாக இருந்தது. சபா மேடையில் ஒலிக்கும் மிருதங்கத்திலும் மாட்டுத்தோல் உண்டு, எருமைத்தோல் உண்டு, ஆட்டுத்தோல் உண்டு. அந்தத் தோலைப் பதப்படுத்தி, வார் இழுத்து, மூட்டிக் கொடுக்கும் கைகளில் பல தலித் கிறிஸ்தவர்களின் கைகள். அந்தக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆக, தீட்டு தோலில் இல்லை. தோல் ஒன்றுதான். அது யார் கையில் இருக்கிறது என்று பார்த்துத்தான் ஊர் பெயர் வைத்தது. மேடையில் இருந்தால் கலை, சாவு வீட்டு வாசலில் இருந்தால் கடமை.

தொடையில் தட்டிய தாளம்

பாடசாலைக்குப் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு எண்பது வயதிருக்கும். வகுப்பு நடக்கும்போது திண்ணை ஓரம் உட்கார்ந்து கேட்பார். மார்கழியில் மூன்று தட்டுத் தாளத்தில் ஒரு சின்னப் பாடம் எடுத்தேன். பிள்ளைகள் ஓடி ஓடித் தடுக்கினார்கள். எனக்கும் எங்கே பிசகுகிறது என்று பிடிபடவில்லை. தாத்தா தொடையில் தட்டிக்கொண்டே, “மூணாவது தட்ட முழுங்குறான் பாரு. அத விட்டுட்டுப் போனா அடுத்தது எப்படி நிக்கும்?” என்றார். அவர் சொன்னபடி எண்ணியதும் தாளம் நின்றது. ஐந்து கோட்டுத் தாளில் எழுதிய பாடத்தை, எழுதப் படிக்கத் தெரியாதவர் காதால் திருத்தினார்.

அவரும் ஒரு காலத்தில் பறை அடித்தவர். சாமிக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, ஊர்வலத்துக்கு ஓர் அடி என்று எல்லாம் தெரியும். “எங்களுக்குச் சொல்லித் தாங்க தாத்தா” என்று பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். அவர் முகம் மாறிவிட்டது. “வேணாம். கத்துக்கிட்டீங்கன்னா மறுபடியும் கூப்புடுவானுங்க” என்று எழுந்து போய்விட்டார்.

அவர் கோபத்துக்குப் பின்னால் இந்த மாவட்டத்தின் வரலாறு இருக்கிறது. இதே காட்டுமன்னார்கோவில் மண்ணில் பிறந்த எல். இளையபெருமாள், சாவுக்குப் பறை அடிப்பது, செத்த மாடு தூக்குவது போன்ற இழிவேலைகளைச் செய்யமாட்டோம் என்று மக்களைத் திரட்டியவர். 1965-இல் மத்திய அரசு தீண்டாமை பற்றி ஆராய அமைத்த குழுவுக்கு அவர்தான் தலைவர். 1969-இல் வந்த அந்தக் குழுவின் அறிக்கை நாடு முழுவதும் பேசப்பட்டது. பறையைக் கீழே வைப்பது அன்று சும்மா எடுத்த முடிவு இல்லை. வேலை போகும், அடி விழும் என்று தெரிந்தே வைத்தார்கள். என் அப்பாவும் அந்த வரிசையில் வந்தவர்.

மாசியில் வந்த ஆள்

மாசி மாதம் ஊரில் ஒரு பெரியவர் இறந்துபோனார். காலையில் ஆள் வந்தது. “உங்க பசங்க இப்ப வாத்தியம் கத்துக்குதாமே. நாலு பேர மேளத்துக்கு அனுப்புங்க” என்றார் வந்தவர். பிள்ளைகள் கற்பது கிதார் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் கையில் எந்த வாத்தியம் இருந்தாலும் அது தம் வாசலில் அடிப்பதற்குத்தான் என்பது அவர் எண்ணம்.

நான் பதில் சொல்வதற்குள் தாத்தா முந்திக்கொண்டார். “துக்கத்துக்கு நாங்க வர்றோம். மேளத்துக்கு வரமாட்டோம்” என்றார். அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை.

அந்த வருடம் உளுந்து பறிக்க எங்கள் பெண்களை ஊரார் கூப்பிடவில்லை. இரண்டு வாரம் வெளியூர் ஆட்கள் வந்து பறித்தார்கள். அந்த நகமில்லாத மாணவியின் அம்மாவும் கூலி இழந்தவர்களில் ஒருவர். கிதார் வகுப்பால்தான் வம்பு வந்தது என்று சிலர் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பசிக்கு முன்னால் தாளம் பெரிதில்லை. வகுப்பை நிறுத்திவிடலாமா என்று நானே யோசித்தேன். அந்த அம்மாதான், “எம்பொண்ணு ஞாயித்துக்கெழம வரும் தம்பி. நீ செங்கல்ல எடுத்துடாத” என்றார்.

மாணவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டாய வேலை வாங்குவதும், பிணம் தூக்கவோ குழி வெட்டவோ வற்புறுத்துவதும், சமூக, பொருளாதாரப் புறக்கணிப்புச் செய்வதும் 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இதை எங்கள் வகுப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பாடமாகவே எடுத்தோம்.

எது கலை?

ஏப்ரல் 14 அன்று அண்ணல் பிறந்தநாளில் ஏழு பிள்ளைகள் வாசித்தார்கள். பதினொரு பேரில் ஒருவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். மூன்று பேர் தேர்வைச் சொல்லி நின்றுவிட்டார்கள். மீதி ஏழு பேரும் இரண்டு கிதாரை மாற்றி மாற்றி வாங்கி வாசித்தார்கள். நடுவில் ஒரு நரம்பு அறுந்தது. கட்டி முடிக்கும்வரை கூட்டம் கலையாமல் காத்திருந்தது. தாத்தா முன்வரிசையில் இருந்தார்.

அன்று இரவு அவரிடம் கேட்டேன். “அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறைக்காகவே 2025-இல் பத்மஸ்ரீ கொடுத்திருக்காங்க தாத்தா. கல்லூரிப் பிள்ளைங்க எல்லாம் இப்ப பறை கத்துக்குதுங்க. நீங்க இன்னும் வேணாம்னே சொல்றீங்களே?”

“நல்லதுதான், அவரு அடிக்கட்டும்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “உன் கிட்டாருக்குக் கூப்பிட்டா வரமாட்டேன்னு சொல்லலாம். எனக்கு அப்படிச் சொல்ல வாய் இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து எழுப்புவான், போவணும். கை வலிக்குது, காய்ச்சல்னு சொல்ல முடியாது. அத எப்படிடா கலன்னு சொல்றது?” என்றார்.

ஓர் ஆண்டு கிதார் கற்றதிலும் கற்பித்ததிலும் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் அந்தப் பேச்சுதான். பறையில் இழிவு இல்லை. கிதாரில் உயர்வும் இல்லை. வரமாட்டேன் என்று சொல்ல முடிகிற இடத்தில்தான் வாசிப்பது கலையாகிறது. அந்த உரிமையை வாங்கித் தந்தவர்கள் பறையைக் கீழே வைத்த தாத்தாக்களும் அப்பாக்களும். இன்று பறையைப் பெருமையோடு எடுக்கும் இளைஞர்கள் அவர்களை மறந்துவிடக் கூடாது. கீழே வைத்ததும் போராட்டம், எடுப்பதும் போராட்டம்.

இந்த ஜூனில் இரண்டாம் ஆண்டு வகுப்பு தொடங்கிவிட்டது. புதிதாக ஐந்து பேர் வந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அந்த மாணவி. புதுச்சேரி பேருந்தில் நான் இப்போதும் போகிறேன். தாத்தா பறையை இன்னும் எடுக்கவில்லை. ஆனால் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை உட்காரவைத்து, பழைய அடிகளை வாயால் சொல்லித் தருகிறார். அவர்கள் தொடையில் தட்டிக் கற்கிறார்கள். மூன்றாவது தட்டை யாராவது விழுங்கினால் அவருக்கு இப்போதும் கோபம் வருகிறது.