ஆணி குத்தியும் வலிக்கவில்லை. விரல் போனது, கால் தப்பியது! சர்க்கரைக்காரர்களுக்கு ரத்தம் சொல்லும் சேதி

சென்னை மண்ணடியில் மளிகைக் கடை வைத்திருப்பவர் அவர். வயது 54. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் "அண்ணாச்சி".

காலை 6 மணிக்குக் கடை திறப்பார். இரவு 10 மணிக்குத்தான் ஷட்டர் இறங்கும். பெரும்பாலும் நின்றபடியேதான் வியாபாரம். சர்க்கரை வியாதி வந்து 12 வருஷம் ஆகிறது. மாத்திரை போடுவார். சில நாள் மறந்தும் போவார்.

ஒருநாள் இரவு கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார். பின்னாலேயே வந்த மனைவி அலறிவிட்டார்.

"என்னங்க! தரையெல்லாம் ரத்தமா இருக்கே!"

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். வாசலில் இருந்து கட்டில் வரை, வலது கால் பட்ட இடமெல்லாம் சிவப்புத் திட்டு!

செருப்பை எடுத்துத் திருப்பினார்கள். சரக்குப் பெட்டியில் அடிக்கும் சின்ன ஆணி ஒன்று அடியைத் துளைத்து மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

அது எப்போது ஏறியது? அவருக்கே தெரியாது. அந்த ஆணியின் மேல் நின்றுகொண்டுதான் அரிசியும் பருப்பும் நிறுத்துக் கொடுத்திருக்கிறார்!

"வலிச்சாத்தானே தெரியும்?"

"வலிச்சாத்தானே தெரியும்? எனக்கு வலிக்கவே இல்லையே!" என்றார் அண்ணாச்சி.

அந்த வலி இல்லாததுதான் ஆபத்து. ரத்தத்தில் சர்க்கரை பல வருஷம் கூடுதலாகவே இருந்தால் கால் நரம்புகள் கெட்டுப்போகும். முதலில் பாதம் மரத்துப்போகும். பிறகு முள் குத்தினாலும், நெருப்பு சுட்டாலும் தெரியாது.

வீட்டில் மஞ்சளைக் குழைத்துப் போட்டார்கள். மறுநாள் காலை 6 மணிக்குக் கடை திறந்துவிட்டது!

10 நாள் ஓடியது. பெருவிரல் வீங்கிச் சிவந்தது. வாடை அடித்தது. குளிர்க் காய்ச்சலும் வந்தது. அதற்கு மேல் மகன் விடவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே பெண் டாக்டர் ஒருவர் பார்த்தார். முனை மழுங்கிய மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தார். அதைப் புண்ணுக்குள் மெதுவாக விட்டார். கம்பி "டக்" என்று எலும்பில் தட்டியது. டாக்டரின் முகம் மாறியது. புண் எலும்பு வரை போயிருந்தது!

எக்ஸ்ரே எடுத்தார்கள். ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார்கள்.

சீட்டில் வந்த 3 எண்கள்

மாலையில் சீட்டு வந்தது. அதில் 3 எண்களுக்குக் கீழே கோடு போட்டிருந்தது.

ரத்தம் படியும் வேகத்தைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்: 92. இது 70-ஐத் தாண்டினால், காலில் புண் உள்ள சர்க்கரைக்காரருக்கு எலும்பிலும் கிருமி பிடித்திருக்கலாம் என்று சந்தேகிப்பது டாக்டர்கள் வழக்கம்.

பைப்ரினோஜன்: 610. சாதாரணமாக இது 200-ல் இருந்து 400-க்குள் இருக்க வேண்டும்.

டி-டைமர்: 1,400. அந்த லேபின் கணக்குப்படி 500-க்குள் இருக்க வேண்டும்.

மகன் பதறிவிட்டார். "டி-டைமரா? கொரோனா நேரத்துல கேட்ட பேராச்சே, மேடம்! அப்பாவுக்கு ரத்தம் உறையுதா?"

டாக்டர் அவரை உட்கார வைத்து விளக்கினார்.

நூலும் குப்பையும்

பைப்ரினோஜன் என்பது கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம். ரத்தத்தில் கரைந்து ஓடிக்கொண்டே இருக்கும். எங்காவது காயம் பட்டால் போதும். உடனே இது நூல் நூலாக மாறி வலை பின்னும். அந்த வலையில் ரத்த அணுக்கள் சிக்கும். ரத்தம் உறையும். ஒழுக்கு நிற்கும்.

வேலை முடிந்ததும் அந்த வலையை உடம்பே அறுத்துக் கரைத்துவிடும். அப்படி அறுந்து விழும் துண்டுதான் டி-டைமர்.

அதாவது, பைப்ரினோஜன் என்பது நூல். டி-டைமர் என்பது அறுந்த நூல் குப்பை. குப்பை கூடினால் என்ன அர்த்தம்? உடம்பில் எங்கேயோ வலை பின்னுவதும் அறுப்பதும் மும்முரமாக நடக்கிறது என்று அர்த்தம்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இந்தத் தராசு உறைகிற பக்கம் சாய்ந்தே இருக்கும். ரத்தத் தட்டணுக்கள் பிசுபிசுப்பாக ஒட்டும். நூல் கூடும். வலையை அறுக்கும் வேலையும் மந்தமாகும். முழங்காலுக்குக் கீழே உள்ள ரத்தக் குழாய்களோ ஏற்கெனவே சுருங்கியிருக்கும். அதில் அடைப்பும் சேர்ந்தால் விரலுக்கு ரத்தம் போகாது. புண் ஆறாது. விரல் கறுக்கும்.

காலில் புண் உள்ள சர்க்கரைக்காரர்களுக்கு, புண் இல்லாதவர்களைவிட பைப்ரினோஜனும் டி-டைமரும் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

அண்ணாச்சிக்குக் காலில் டாப்ளர் ஸ்கேன் செய்தார்கள். பெரிய குழாய்களில் அடைப்பு இல்லை. பாதம் வரை ரத்தம் ஓடியது. கிருமியைக் கொல்ல ஊசி மருந்து ஏற்றினார்கள். மறுநாள் ஆபரேஷன். பெருவிரலை எடுத்தார்கள். கால் தப்பியது!

மகன் கேட்ட கேள்வி

ஆபரேஷன் முடிந்த அன்று மகன் டாக்டரிடம் கேட்டார்.

"மேடம், இந்த ரத்த டெஸ்ட்டை ஆறு மாசத்துக்கு முன்னாடியே எடுத்திருந்தா, அப்பாவோட விரல் பிழைச்சிருக்குமா?"

"இல்ல தம்பி. ஆறு மாசத்துக்கு முன்னாடி ஆணியே குத்தலையே! இந்த எண் 'எங்கேயோ நெருப்பு பிடிச்சிருக்கு'ன்னுதான் சொல்லும். எந்த வீட்டுலன்னு சொல்லாது" என்றார் டாக்டர்.

அவர் சொன்னது முழுக்க உண்மை. டி-டைமர் வயது ஏறினால் கூடும். கர்ப்பிணிகளுக்குக் கூடும். நிமோனியா வந்தால் கூடும். ஆபரேஷன் செய்தால் கூடும். புற்றுநோயிலும் கூடும். பைப்ரினோஜன் எந்தக் கிருமித் தாக்குதலிலும் ஏறும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் ஏறும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. டி-டைமரை லேபுகள் 2 விதமான அளவில் எழுதுகின்றன. ஒரு அளவில் 250 என்று வருவது, இன்னொரு அளவில் ஏறத்தாழ 500 என்று வரும். ஆகவே, ஒரு லேப் சீட்டையும் இன்னொரு லேப் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து "இரண்டு மடங்கு ஏறிவிட்டதே!" என்று பயப்படக் கூடாது.

கால் புண் உள்ளவருக்கு நிலைமை எவ்வளவு மோசம் என்று எடை போட இந்த எண்கள் டாக்டருக்குத் துணை செய்யலாம். ஆனால் காலில் ஆபத்து வரப்போகிறதா என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க, உலக நாடுகளின் பாத நிபுணர்கள் 2023-ம் ஆண்டில் வெளியிட்ட வழிமுறைகள் இந்த ரத்தப் பரிசோதனையைச் சொல்லவில்லை. காலைத்தான் பார்க்கச் சொல்கின்றன!

டீக்கடைக்காரர் போட்ட கணக்கு

இது தெரியாமல் ஒருவர் ஏமாறப் பார்த்தார். அவர் அண்ணாச்சியின் பக்கத்துக் கடைக்காரர். டீக்கடை. வயது 47. சர்க்கரை வந்து 8 வருஷம்.

அண்ணாச்சிக்கு விரல் எடுத்த செய்தி கேட்டதும் அவருக்குக் குலை நடுங்கியது. யாரையும் கேட்கவில்லை. நேரே ஒரு லேபுக்குப் போனார். டி-டைமர் எடுத்தார். 310 என்று வந்தது. நார்மல்! சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நிம்மதியாக டீ ஆற்ற ஆரம்பித்தார்.

2 வாரம் கழித்து அண்ணாச்சி கட்டுப் போட்ட காலோடு கடையில் வந்து உட்கார்ந்தார். டீக்கடைக்காரர் ஓடிவந்து சீட்டைக் காட்டினார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. நார்மல்னு வந்துடுச்சு!"

"சீட்டு இருக்கட்டும்யா. காலைக் காட்டு."

"காலையா? எதுக்கு அண்ணாச்சி?"

"காட்டுய்யா!"

டீக்கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து காலைத் தூக்கினார். இடது பாதத்தில், சுண்டு விரலுக்குக் கீழே தோல் காய்த்துத் தடித்திருந்தது. அதன் நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி.

"இது ரொம்ப நாளா இருக்கு. கால் ஆணிதான். பிளேடால சீவிடுவேன்" என்றார் அவர்.

அண்ணாச்சி அவரை அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். காய்த்த தோலை டாக்டர் சீவி எடுத்தார். உள்ளே மிளகு அளவுக்குப் புண்! உள்ளுக்குள் ரத்தம் கசிந்து கறுத்துப் போயிருந்தது. எலும்பு வரை போகவில்லை. மருந்து கட்டினார்கள். அந்த இடத்தில் பாரம் விழாதபடி செருப்பு கொடுத்தார்கள். சில வாரத்தில் புண் ஆறியது.

"நார்மல்" சீட்டை நம்பி இருந்திருந்தால்?

ஊசி வேண்டாத பரிசோதனை

காலைப் பார்க்கும் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. மருந்து வேண்டியதில்லை.

முதலாவது, நைலான் நூல். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நூல் இது. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பாதத்தில் சில இடங்களில் டாக்டர் நூலால் தொடுவார். தொடுவது தெரியாவிட்டால் பாதுகாப்பு உணர்ச்சி போய்விட்டது என்று பொருள்.

இரண்டாவது, நாடி. பாதத்தின் மேலேயும் கணுக்காலின் உள்பக்கத்திலும் துடிப்பு இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பார்கள்.

மூன்றாவது, கணுக்கால் பிரஷர். அதைக் கை பிரஷரால் வகுப்பார்கள். 0.9-க்குக் கீழே வந்தால் காலுக்குப் போகும் குழாய் சுருங்கியிருக்கிறது. 1.3-க்கு மேலே போனாலும் சந்தோஷப்பட முடியாது. குழாய் சுவர் சுண்ணாம்பு படிந்து இறுகியிருக்கலாம். அப்போது விரலில் பிரஷர் பார்ப்பார்கள்.

காலில் குறை இல்லாதவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை இதைச் செய்துகொண்டால் போதும். மரத்துப் போனவர்களும் ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் சில மாதத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும். ஏற்கெனவே புண் வந்தவர்கள், விரல் எடுத்தவர்கள் 1 முதல் 3 மாதத்துக்குள் ஒரு தடவை காட்டியாக வேண்டும்.

வேலூர் கற்றுக்கொடுத்த பாடம்

வலி இல்லாத கால்தான் அழியும் என்ற பாடம் தமிழ்நாட்டு மண்ணில் கற்ற பாடம்.

1946-ம் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் போகின்றன என்று ஆராய்ந்தார். சதை தானாக அழுகி விழுவதாகத்தான் அதுவரை நினைத்தார்கள். அவரோ, வலி தெரியாததால் திரும்பத் திரும்பக் காயப்பட்டுத்தான் விரல் போகிறது என்று எடுத்துக்காட்டினார். பிறகு 1966-ல் அமெரிக்கா போய், அதே பாடத்தைச் சர்க்கரைக்காரர்களின் காலுக்கும் பயன்படுத்தினார். தொழுநோயாளிகள் போட்ட மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு இன்று சர்க்கரைக்காரர்களின் காலையும் காக்கிறது.

தினமும் 2 நிமிடம்

இரவு படுக்கும் முன் 2 நிமிடம் போதும். பாதத்தின் அடியை, விரல் இடுக்கைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். கண் தெரியாதவர்களுக்கு வீட்டில் உள்ளவர்கள் பார்த்துச் சொல்லலாம்.

செருப்பு போடும் முன் உதறிவிட்டு, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும்.

வெந்நீர் ஒத்தடம் கூடாது. கால் ஆணியில் பிளேடு வைக்கக் கூடாது. உச்சி வெயிலில் கோவில் பிராகாரத்தை வெறுங்காலோடு சுற்றக் கூடாது. கல் சுடுவது தெரியாது, கொப்புளம்தான் தெரியும்!

ஒரு கால் மற்றதைவிடச் சுடுகிறதா? சிவப்பு, வீக்கம், நீர் வடிதல், கறுப்பு இருக்கிறதா? மறுநாள் என்று தள்ளாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சலும் சேர்ந்தால் ராத்திரி என்றும் பார்க்கக் கூடாது.

அண்ணாச்சி இப்போது 9 மணிக்கே ஷட்டரை இறக்கிவிடுகிறார். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கிறது. கணக்கு முடித்ததும் அதைத் தரையில் வைத்துக் காலைப் பார்க்கிறார்.

பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுக்கிறார்: "ஏய்யா, பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு அண்ணாச்சி!" என்று பதில் வந்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புகிறார்.