கச்சான் காலத்துத் தீ

மேற்குத் தொடர்ச்சி மலையில் தீக்காலம் மாசியில் தொடங்கி வைகாசியோடு ஓய்ந்துவிடும். தென்மேற்குப் பருவமழை வந்து அதை அணைத்துவிடும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைச் சூழ்ந்து 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த தீ, இந்தக் காலத்துக்குள் வந்ததுதான். உச்சிப்புளிக்கு இந்த நாள்காட்டி பொருந்தாது. இராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே கிடக்கும் இந்தக் கரைக்குத் தென்மேற்குப் பருவம் மழையை அதிகம் தருவதில்லை. கச்சான் காற்றைத்தான் தருகிறது. பெருமழைக்கு ஐப்பசி பிறக்க வேண்டும். ஆகவே புல்லும் ஓலையும் முறுகக் காய்ந்து கிடக்கும் ஆனி, ஆடி, ஆவணியில்தான் காற்றும் வலுத்து அடிக்கிறது. இந்த மூன்று மாதத்தைத் தீக்காலம் என்று நாம் எண்ணுவதே இல்லை. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

இங்கே காடு ஏது என்று கேட்பவர்கள் உண்டு. உச்சி தட்டையாக விரிந்து நிற்கும் உடை மரங்கள் இந்தக் கரையின் சொந்தக் காடு. இந்திய வனவகைப்பாட்டில் அதற்குத் தனி இடமே இருக்கிறது. மரத்துக்கு மரம் இடைவெளி, இடைவெளியில் வெறும் மணல். தீ தாவி ஓட வழியில்லாத அமைப்பு அது. வறட்சியும் உப்புக்காற்றும் ஆட்டின் வாயும் சேர்ந்து பொறுக்கியெடுத்த செடிகொடிகள்தான் அதில் நிலைத்தன. தீயை எதிர்கொள்ள வேண்டிய தேவை அவற்றுக்குப் பெரிதாக வந்ததில்லை.

தீயோடு பழகிய நிலங்கள் வேறு மாதிரி. முதுமலையில் 1988-இல் 50 ஹெக்டேர் காட்டை அளந்து, அதிலுள்ள மரங்களை இந்திய அறிவியல் கழகத்தினர் தொடர்ந்து கணக்கெடுத்து வருகிறார்கள். தீ வந்த ஆண்டுகளில் அங்கே இளங்கன்றுகளின் தண்டு கருகிவிடுகிறது. ஆனாலும் பல கன்றுகள் அடிவேரிலிருந்து மறுபடி துளிர்க்கின்றன. தடித்த பட்டையுள்ள பெருமரங்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. நீலகிரியில் புல்வெளி எரிந்தாலும் தழைத்துவிடும். பக்கத்திலேயே ஈரம் கோத்து நிற்கும் சோலைக்குள் தீ எளிதில் நுழையாது, அடிக்கடி வந்தால் மட்டும் விளிம்புக் கன்றுகளைத் தின்று சோலையைச் சுருக்கும். ஆஸ்திரேலியாவின் பேங்க்சியா இனங்கள் சில, தீயின் சூடு பட்ட பிறகே காயைத் திறந்து விதையை உதிர்க்கின்றன. இந்த நிலங்களைப் பார்த்துவிட்டு, தீ இயற்கைதானே, எரிந்தால் புதிதாகத் துளிர்க்கும் என்று நம் கரைக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். அது தவறு.

பனையை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னையும் பனையும் மற்ற மரங்களைப் போலப் பட்டைக்கடியில் ஒரே வளையமாக உயிர்த்திசுவை வைத்திருப்பவை அல்ல. நீர் ஏறும் நரம்புகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடப்பதால், அடிமரம் கரிந்தாலும் பனை பிழைத்துக்கொள்ளும். அதன் உயிர் உச்சிக் குருத்தில் இருக்கிறது. குருத்து ஒன்றுதான், அது வெந்தால் பக்கக் கிளை வராது, மரம் முடிந்தது. பனையேறிகள் ஆண்டுதோறும் ஏறிக் காவோலையையும் பன்னாடையையும் கழித்த காலத்தில், தரையில் ஓடும் புல்தீ அந்தக் குருத்தை எட்ட வழியே கிடையாது. ஏறுவார் குறைந்த பிறகு, வடலிகளிலும் நடுத்தரப் பனைகளிலும் பல ஆண்டுக் காவோலை கழுத்திலிருந்து கீழ்வரை தொங்குகிறது. தீக்கு ஏணி கட்டிவைத்தது போல. கீழ்நுனியில் பற்றினால் சற்று நேரத்தில் தலைக்கு ஏறிவிடும். எரியும் ஓலைத் துண்டைக் கச்சான் அடுத்த தோப்புக்குத் தூக்கிப் போகும். விதை போட்டுப் பாளை காண ஒரு பன்னிரண்டு, பதினைந்து ஆண்டாவது காத்திருக்க வேண்டிய மரம் இது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு விதித்திருக்கிறது. குருத்து வெந்து நிற்கும் பனைக்கு அந்த விதி உதவாது.

அதே காவோலையின் அடியில், எச்சிலால் ஒட்டிய சின்னஞ்சிறு கூட்டில், பனை உழவாரன் முட்டையிடுகிறது. ஆட்காட்டியும் வானம்பாடியும் வெறுந்தரையில் முட்டையிடுபவை. இவற்றின் அடைகாலம் பெரும்பாலும் கோடையை ஒட்டியது. முயலும் நரியும் ஓடித் தப்பலாம். புதரடியில் வெயிலுக்கு ஒதுங்கிக் கிடக்கும் ஆமைக்கும் சிறு ஓணானுக்கும் அந்த வேகம் கிடையாது. சில அங்குலம் மணலுக்குள் புதைந்திருப்பது பிழைக்கும். காய்ந்த மண் சூட்டை எளிதில் கீழே கடத்தாது.

எரிந்த இடத்தில் அடுத்து எது முளைக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. விறகுக்காக 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேலம், மண்ணுக்குள் புதைந்த அடித்தூரில் மொட்டுகளை வைத்திருக்கிறது. மேலே வெட்டினாலும் எரித்தாலும் தூரிலிருந்து பல கிளையாகக் கிளம்பும். ஓரிரு ஆண்டுக் கன்றுகள் மட்டுமே தீயில் சாகும். அதன் கடினமான விதைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். ஆடும் மாடும் காயைத் தின்று சாணத்தோடு புதிய இடங்களில் போட்டுச் செல்லும். தரிசைச் சுத்தம் செய்வதாக நினைத்துக் கொளுத்துகிறவர், போட்டிக்கு நின்ற நாட்டுச் செடிகளை அகற்றி, சீமைக் கருவேலத்துக்கு இடம் ஒதுக்கித் தருகிறார். கடலோரச் சவுக்குக்குத் தூரிலிருந்து கிளம்பும் திறன் இல்லை. அதன் சருகு மணலில் மக்காமல் மெத்தையாகச் சேரும். பற்றினால் மரத்தையே கொன்றுவிடும்.

மண்ணுக்கு நேர்வது கண்ணுக்குத் தெரியாது. 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே வேர்களின் உயிரணுக்கள் சாகின்றன. 200 டிகிரியைத் தாண்டினால் மக்கு எரியத் தொடங்குகிறது. தழைச்சத்தும் காற்றோடு போகிறது. சாம்பல் தரும் சுண்ணாம்பும் சாம்பல்சத்தும் ஒரு பருவம் பசுமை காட்டும், அவ்வளவுதான். இடையில் இன்னொன்றும் நடக்கிறது. எரியும் சருகின் மெழுகுப்பொருள் ஆவியாகிக் கீழிறங்கி மணற்பரல்களின்மேல் படிகிறது. களிமண்ணைவிட மணலில் இது எளிதாக நிகழும். அப்படிப்பட்ட இடத்தில் மேல்சாம்பலை விலக்கி ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள்: உறிஞ்சாமல் முத்தாக உருண்டு நிற்கும். மணல் வழியே இறங்கும் மழையை நம்பி ஊற்றுத் தோண்டிக் குடிக்கும் கரைக்கு இது சிறிய செய்தி அல்ல. மக்கே குறைவான இந்த மணலில் போனது திரும்பப் பல ஆண்டாகும். மூடாக்கு எரிந்த மேல்மண்ணை ஆடிக்காற்று அதற்குள் வாரிக்கொண்டு போய்விடும்.

இவ்வளவும் நடந்தும் பதிவாகாமல் போகலாம். இந்திய வன அளவைத் துறையின் தீ எச்சரிக்கைகள் செயற்கைக்கோள் தரவை நம்பியவை; அதன் ஒரு படப்புள்ளி தரையில் ஏறக்குறைய 375 மீட்டர். எச்சரிக்கையும் வன எல்லைக்குத்தான். அரை ஏக்கர் பட்டா நிலத்தில் ஒரு மணி நேரம் எரிந்த தீ அதில் தெரிய வாய்ப்புக் குறைவு.

உயிர்ச்சேதம் வராது என்றும் இருந்துவிட முடியாது. ஹவாய்த் தீவுகளில் லஹைனா நகரம், மலையின் மழைமறைவுப் பக்கத்தில் இருக்கும் கடலோர ஊர். அங்கிருந்த சர்க்கரை ஆலை 1999-இல் மூடப்பட்டது. விட்டுப்போன கரும்பு வயல்களில் வெளியிலிருந்து வந்த புற்கள் மண்டின. நம்மூரில் மாட்டுத் தீவனத்துக்கு வளர்க்கும் கினியாப் புல்லும் அவற்றில் ஒன்று. 2023 ஆகஸ்ட் 8 அன்று பலத்த காற்றில் மின்கம்பி அறுந்து காலையில் பற்றிய தீயை அணைத்தார்கள். அதன் கங்கு பிற்பகலில் மறுபடி பற்றியதாக விசாரணை முடிவு சொன்னது. 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தரிசான நிலம், வந்தேறிச் செடி, மழையில்லாத காற்று மாதம், கடலோரம்: நான்கும் இங்கும் இருக்கின்றன.

பங்குனிக்குள் வீட்டையும் தோப்பையும் ஒட்டிய பனைகளில் காவோலையைக் கழித்து, தோப்பைச் சுற்றி மூன்று நான்கு மீட்டர் அகலத்துக்குச் செத்தையில்லாமல் மணல் தெரியச் செதுக்கி வைக்க வேண்டும். வெட்டிய கருவேல முள்ளை வேலியோரம் குவித்து விடாமல் உடனே அப்புறப்படுத்த வேண்டும். கரிமூட்டம் போடுகிறவர்கள் காற்று மாதங்களில் ஆளில்லாமல் விட்டுப் போகக்கூடாது. சீமைக் கருவேலத்தை ஒழிக்க நினைத்தால் தூரோடு தோண்ட வேண்டும், கொளுத்தக்கூடாது. எங்காவது எரிந்து அணைந்திருந்தால், மட்டையடியும் செத்த வேரும் மணலுக்குள் கனன்றுகொண்டிருக்கும். கிளறி, தண்ணீர் ஊற்றி, புறங்கையை மேலே காட்டிச் சூடு இல்லை என்று தெரிந்துகொண்டு, அன்று பிற்பகல் கச்சான் தணியும்வரை அங்கே ஒருவர் காவல் இருக்க வேண்டும்.