புதுக்கோட்டை மாவட்டத்தில் வீட்டு இயற்கை எரிவாயு வழங்கல்

புதுக்கோட்டை மாவட்டத்தில் வீட்டு இயற்கை எரிவாயு வழங்கல் என்பது தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள வீடுகளுக்குச் சமையல் எரிபொருளாக இயற்கை எரிவாயுவை நிலத்தடிக் குழாய்கள் வழியாக வழங்கும் சேவையையும் அதன் விரிவாக்கத்தையும் குறிக்கும். இம்மாவட்டத்தில் "எரிவாயுத் திட்டம்" என்ற சொல் பெரும்பாலும் 2017ஆம் ஆண்டின் நெடுவாசல் போராட்டத்தையே நினைவூட்டுகிறது. எனினும் நிலத்தடியிலிருந்து எரிவாயு எடுப்பதும், வீடுகளுக்கு எரிவாயு வழங்குவதும் வெவ்வேறு சட்டங்களின்கீழ் நடைபெறும் இருவேறு பணிகளாகும். ஒன்று நடைபெற மற்றொன்று நடைபெற்றாக வேண்டும் என்பதில்லை.

உருளை எரிவாயுவும் இயற்கை எரிவாயுவும்

மாவட்டத்தின் பெரும்பாலான வீடுகளில் பயன்படுவது உருளைகளில் (சிலிண்டர்) அடைத்து விற்கப்படும் நீர்ம பெட்ரோலிய எரிவாயு ஆகும். இது புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை. வீட்டு உருளை ஒன்றில் 14.2 கிலோகிராம் எரிவாயு இருக்கும். 2006இல் அமைந்த மாநில அரசின் இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், நடுவண் அரசு 2016 மே 1 அன்று தொடங்கிய உஜ்வலா திட்டமும் விறகடுப்பை நம்பியிருந்த ஏழைக் குடும்பங்களுக்கு இவ்வகை இணைப்புகளையே வழங்கின.

இயற்கை எரிவாயுவின் முதன்மைக் கூறு மீத்தேன் ஆகும். இதை எளிதில் நீர்மமாக்கிச் சிறு உருளையில் அடைக்க இயலாது. ஏறத்தாழ −162 பாகை செல்சியசு வரை குளிரூட்டினால்தான் இது நீர்மமாகும். எனவே வீடுகளுக்குக் குழாய் வழியாகவே வழங்கப்படுகிறது. ஓர் உருளையிலுள்ள எரிவாயு தரும் வெப்பத்தைப் பெற ஏறத்தாழ 18 கனமீட்டர் இயற்கை எரிவாயு தேவை. இரண்டின் அழுத்தமும் வெப்ப அளவும் வேறுபடுவதால், உருளைக்குரிய அடுப்பின் எரிவாய்த் துளையை மாற்றிய பின்னரே குழாய் எரிவாயுவில் பயன்படுத்த முடியும்.

மீத்தேன் காற்றைவிட இலேசானது. கசிந்தால் மேலெழும்பிப் பரவும். உருளை எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். இரண்டுமே மணமற்றவை. கசிவை உணர்வதற்காகவே கந்தகம் கலந்த மணப்பொருள் சேர்க்கப்படுகிறது.

வழங்கும் முறை

முதன்மைக் குழாயில் உயரழுத்தத்தில் வரும் எரிவாயு நகர நுழைவு நிலையத்தில் அளவிடப்பட்டு, அழுத்தம் குறைக்கப்பட்டு, மணமூட்டப்படுகிறது. அங்கிருந்து எஃகுக் குழாய்களிலும், பின்னர் தெருக்களில் பாலிஎத்திலீன் குழாய்களிலும் செல்கிறது. வீட்டு வாசலில் அழுத்தம் மீண்டும் குறைக்கப்பட்டு, அளவி (மீட்டர்) வழியாக அடுப்பை அடைகிறது. மின்சாரத்தைப் போலவே பயன்படுத்திய அளவுக்குப் பின்னர் கட்டணம் செலுத்தப்படும். உருளைக்குப் பதிவு செய்து காத்திருக்க வேண்டியதில்லை.

முதன்மைக் குழாய் எட்டாத இடங்களில் அழுத்திய எரிவாயுவையோ நீர்மமாக்கிய எரிவாயுவையோ சரக்குந்துகளில் கொண்டுவந்து உள்ளூர்க் குழாய் வலையில் செலுத்தும் முறையும் உண்டு. இதில் போக்குவரத்துச் செலவு கூடுகிறது.

உரிமம்

2006ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியச் சட்டப்படி, நாடு பல புவியியல் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு ஏலச் சுற்றுகள் மூலம் உரிமம் வழங்கப்படுகிறது. 2018இல் நடைபெற்ற ஒன்பதாம் சுற்றில் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், கோயம்புத்தூர், சேலம், இராமநாதபுரம் உள்ளிட்ட தமிழக மாவட்டங்கள் இடம்பெற்றன. பன்னிரண்டாம் சுற்றுக்குப் பின் 307 புவியியல் பகுதிகள் நாட்டின் பெருநிலப்பரப்பு ஏறத்தாழ முழுவதையும் உள்ளடக்கின.

உரிமம் பெறும் நிறுவனம் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் இத்தனை வீட்டு இணைப்புகள், இத்தனை வாகன எரிவாயு நிலையங்கள், இவ்வளவு எஃகுக் குழாய் என்று உறுதியளிக்க வேண்டும். ஆயினும் ஒரு பகுதிக்கு உரிமம் வழங்கப்படுவதும் அங்குள்ள தெருவுக்குக் குழாய் வருவதும் ஒன்றல்ல. விற்பனை மிகுந்த வாகன எரிவாயு நிலையங்கள் பொதுவாக முதலில் அமைகின்றன. வீட்டு இணைப்புகள் பிந்துகின்றன.

எரிவாயு வரும் வழி

காவிரிப் படுகையில் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் எடுக்கும் எரிவாயுவின் பெரும்பகுதி மின்நிலையங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் சென்றது. திருவாரூர் மாவட்டத்தின் கோவில்களப்பாள், மயிலாடுதுறைப் பகுதியின் குத்தாலம், இராமநாதபுரம் மாவட்டத்தின் வழுதூர் ஆகிய இடங்களின் எரிவளிச்சுழலி மின்நிலையங்கள் இதற்கு எடுத்துக்காட்டுகள்.

இரண்டாவது வழி இறக்குமதியாகும். எண்ணூரில் 2019இல் தொடங்கப்பட்ட இந்தியன் ஆயில் நிறுவனத்தின் முனையம் ஆண்டுக்கு 50 இலட்சம் டன் நீர்ம இயற்கை எரிவாயுவைக் கையாளும் திறனுடையது. எண்ணூரிலிருந்து புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை வழியாகத் தூத்துக்குடி வரை செல்லும் முதன்மைக் குழாய் திட்டமிடப்பட்டது. இதன் 143 கிலோமீட்டர் நீள இராமநாதபுரம்–தூத்துக்குடிப் பகுதி 2021 பெப்ரவரி 17 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆகவே புதுக்கோட்டையின் வீடுகளுக்கு எரிவாயு வழங்க, அம்மாவட்டத்திலேயே கிணறு தோண்ட வேண்டிய தேவை இல்லை.

நெடுவாசல் போராட்டம்

நெடுவாசல் ஆலங்குடி வட்டத்திலுள்ள ஊர். ஆழ்துளைக் கிணற்றுப் பாசனத்தில் நெல், தென்னை, வாழை, பலா, மலர் ஆகியவை விளையும் பகுதி இது. கண்டறியப்பட்ட சிறு வயல்களுக்கான கொள்கையின்கீழ் 31 ஒப்பந்தங்களுக்கு நடுவண் அமைச்சரவைக் குழு 2017 பெப்ரவரி 15 அன்று ஒப்புதல் அளித்தது. அவற்றுள் நெடுவாசலும் ஒன்று. மறுநாளே ஊர்மக்கள் போராட்டத்தைத் தொடங்கினர். நிலத்தடி நீர் வற்றும், மாசுபடும் என்பதே அவர்களின் முதன்மையான அச்சம். நல்லாண்டார்கொல்லை, வடகாடு ஆகிய ஊர்களிலும் போராட்டம் நடைபெற்றது. 22 நாட்களுக்குப் பின் நிறுத்தப்பட்ட போராட்டம், மார்ச்சு இறுதியில் ஒப்பந்தம் கையெழுத்தானதை அடுத்து ஏப்ரலில் மீண்டும் தொடங்கியது. அங்கு திட்டப்பணிகள் தொடங்கப்படவில்லை.

2020ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம், புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்து ஒன்றியங்களை மண்டலத்தில் சேர்த்தது. எண்ணெய், இயற்கை எரிவாயு ஆகியவற்றைப் புதிதாகத் தேடுதல், துளையிடுதல், எடுத்தல் ஆகியன இங்குத் தடை செய்யப்பட்டன. வீட்டு எரிவாயு வழங்கல் இத்தடைப் பட்டியலில் இல்லை. 2021 சூனில் இம்மாவட்டத்தின் வடதெரு வயல் ஏலத்துக்கு வந்தபோது, முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அதை எதிர்த்துத் தலைமை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார்.

நில உரிமையும் பாதுகாப்பும்

எடுத்தல் தடை செய்யப்பட்டாலும், குழாய் பதிப்பதிலும் உழவர்களுக்குச் சிக்கல் உண்டு. முதன்மைக் குழாய்களுக்கு 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்ச் சட்டப்படி நிலத்தின் பயன்பாட்டு உரிமை மட்டும் பெறப்படுகிறது. நிலம் உரிமையாளரிடமே இருக்கும். ஆனால் குழாய் செல்லும் பட்டையில் கட்டடம் கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் நடவோ கூடாது. நெல் பயிரிடுவோரைவிடத் தென்னை, பலா வைத்திருப்போருக்கு இது பெரிய இழப்பாகும். கொச்சி–பெங்களூர் குழாய்த்திட்டத்தை மேற்கு மாவட்ட உழவர்கள் எதிர்த்ததற்கும் இதுவே முதன்மைக் காரணம். அவ்வழக்கில் 2016 பெப்ரவரியில் உச்சநீதிமன்றம் மாநில அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. நகரங்களுக்குள் செல்லும் சிறு குழாய்கள் பொதுவாகச் சாலையோரங்களில் பதிக்கப்படுவதால் இச்சிக்கல் அங்குக் குறைவு.

2014 சூன் 27 அன்று ஆந்திரப் பிரதேசத்தின் நகரம் என்னும் ஊரில் முதன்மைக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பழைய குழாய்களின் பராமரிப்பு எத்துணை இன்றியமையாதது என்பதை இந்நிகழ்வு காட்டியது.

விரிவாக்கத்தின் எல்லைகள்

2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 16,18,345. இவர்களுள் ஐந்தில் நான்கு பங்கினர் ஊர்ப்புறங்களில் வாழ்ந்தனர். வீடுகள் நெருங்கியுள்ள இடத்தில் ஒரு கிலோமீட்டர் குழாய் பல நூறு அடுப்புகளுக்குப் பயன்படும். தோப்புகளுக்கிடையே வீடுகள் சிதறியுள்ள ஊரில் அதே குழாய் சில அடுப்புகளுக்கே பயன்படும். எனவே புதுக்கோட்டை, அறந்தாங்கி போன்ற நகரங்களே குழாய் எரிவாயுவுக்கு முதலில் ஏற்றவை. நெடுவாசல் போன்ற ஊர்களுக்கு, நிலத்தடியில் எரிவாயு இருந்தும், உருளையே நடைமுறைக்கு உகந்த வழியாக உள்ளது.